யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இலங்கையின் வட மாகாணத்தில், யாழ்ப்பாண நகருக்கு வடக்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருநெல்வேலியில் அமைந்துள்ள அரச பல்கலைக்கழகம் ஆகும். 1974 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 ஆம் நாள் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஆறாவது வளாகமாக நிறுவப்பட்ட இது, 1979 சனவரி 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கி வருகின்றது. மாணவர் தொகையையும் நிதி வளத்தையும் கொண்டு நோக்கினால் பேராதனை, கொழும்பு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணத்தக்க அளவினதாக இது நெடுங்காலம் இருந்ததில்லை. எனினும் உள்நாட்டுப் போரின் தொடக்கம் முதல் முடிவு வரை போர்க்களத்தின் நடுவிலேயே இருந்து, பெரும்பாலும் மூடப்படாமல் பாடம் நடத்திய பல்கலைக்கழகம் என்ற வகையில் இதன் வரலாறு தனித்துவமானது.

முன்வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயர்கல்வி 1974 இல் தொடங்கியது அன்று. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய குருமடம் கணிதம், வானியல், தமிழ், ஆங்கிலம் முதலியவற்றைக் கல்லூரி மட்டத்தில் கற்பித்தது. 1855 இல் அது மூடப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் நடத்திய முதலாவது பட்டத் தேர்வில் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் இக்குருமடத்தில் பயின்றவர்களே. அதே இடத்தில் 1872 இல் உருவான யாழ்ப்பாணக் கல்லூரி, பிற்காலத்தில் இலண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டத்துக்கான வகுப்புக்களையும் நடத்தி வந்தது.

இரண்டாவது மூலம் சைவ மரபைச் சார்ந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் பெண்களுக்காக மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியையும், 1921 இல் ஆண்களுக்காகத் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். பரந்த நிலமும், நடுவே ஒரு சிவன் கோயிலும் கொண்டதாக அமைந்த பரமேசுவராக் கல்லூரியே பின்னர் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் ஆயிற்று. கல்லூரி மறைந்துவிட்டபோதும், பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள சந்தி இன்றும் பரமேசுவராச் சந்தி என்றே அழைக்கப்படுகின்றது. வளாகம் ஒன்று கிடைப்பதற்காக நல்ல நிலையில் இருந்த ஒரு பாடசாலையை இழக்க நேர்ந்தது என்ற மனக்குறை அதன் பழைய மாணவர்களிடம் நீண்ட காலம் இருந்தது.

வளாகம் தோன்றிய சூழல்

தமிழருக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை 1950களிலிருந்தே இருந்து வந்தது. அது எங்கே அமையவேண்டும் என்பதில்தான் உடன்பாடு இருக்கவில்லை. தமிழரசுக் கட்சி அதனைத் திருகோணமலையில் அமைக்கவேண்டும் என வற்புறுத்தியது. வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் இடம் அதுவே என்பது அக்கட்சியின் நிலைப்பாடு. வேறு சிலர் யாழ்ப்பாணமே பொருத்தமானது என்றனர். இந்த இழுபறியில் இருபது ஆண்டுகள் கழிந்தன.

1970 இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைப் புகுத்தியது. 1971 ஆம் ஆண்டு அனுமதியின்போது பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு வேண்டிய குறைந்த புள்ளி 400க்கு 227 ஆகவும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 ஆகவும் இருந்தது. தமிழ் இளைஞரிடையே இது தோற்றுவித்த கசப்பே பின்வந்த அரசியல் நிகழ்வுகளுக்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பதில் வரலாற்றாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளன்று ஏற்பட்ட உயிரிழப்புக்கள் அக்கசப்பை மேலும் வளர்த்தன.

இச்சூழலில்தான் 1974 அக்டோபர் 6 ஆம் நாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்து வைத்தார். தமிழரசுக் கட்சியினர் இதனை வரவேற்கவில்லை. தாம் கேட்டது திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம், அரசு தந்திருப்பது யாழ்ப்பாணத்தில் ஒரு வளாகம் என்பது அவர்களது வாதம். இடதுசாரிகளும் அரசு சார்பானோரும் இதனை வரவேற்றனர். பின்னாளில் தமிழ்த் தேசிய அரசியலின் முதன்மையான களங்களுள் ஒன்றாக மாறிய இந்நிறுவனம், அவ்வரசியலின் எதிர்ப்புக்கிடையே பிறந்தது என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

கைலாசபதி காலம்

வளாகத்தின் முதல் தலைவராகப் பேராசிரியர் க. கைலாசபதி நியமிக்கப்பட்டார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்தவரும், தினகரன் நாளிதழின் ஆசிரியராக இருந்தவருமான இவர், தமிழ் வீரயுகப் பாடல்களைக் கிரேக்கக் காப்பியங்களோடு ஒப்பிட்டு எழுதிய நூல் 1968 இல் ஆக்சுபோர்டு வெளியீடாக வந்திருந்தது. வளாகம் இரண்டு இடங்களில் தொடங்கியது. மனிதப்பண்பியற் பீடம் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரிக் கட்டடங்களிலும், விஞ்ஞான பீடம் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரி வகுப்புக்கள் நடந்த இடத்திலும் இயங்கின. மனிதப்பண்பியற் பீடத்துக்கு வரலாற்றுப் பேராசிரியர் கா. இந்திரபாலாவும், விஞ்ஞான பீடத்துக்குக் கணிதப் பேராசிரியர் பொ. கனகசபாபதியும் பீடாதிபதிகளாயினர். விஞ்ஞான பீடம் 1978 இல் திருநெல்வேலிக்கு இடம் மாறியது. மருதனார்மடத்தில் இயங்கிய இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975 இல் வளாகத்துடன் இணைக்கப்பட்டது. கருநாடக இசையும் பரத நாட்டியமும் இதன் வழி பல்கலைக்கழகப் பாடங்களாயின.

தொடக்க ஆண்டுகளில் இங்கு சிங்கள மாணவரும் கற்றனர் என்பது இப்போது பெரும்பாலும் மறக்கப்பட்ட செய்தி. 1977 ஆகஸ்டில் நாடெங்கும் தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தபோது அவர்கள் தெற்கே அனுப்பப்பட்டனர். அதே வேளை தென்னிலங்கைப் பல்கலைக்கழக வளாகங்களிலிருந்து தமிழ் ஆசிரியரும் மாணவரும் யாழ்ப்பாணம் வந்தனர். மூன்றாண்டு வயதான ஒரு வளாகம் சில வாரங்களில் ஏறத்தாழ முழுமையாகத் தமிழர் நிறுவனமாயிற்று. எவரும் திட்டமிட்டுச் செய்த மாற்றம் அன்று அது.

க. கைலாசபதி 1977 வரை தலைவராக இருந்து, பின்னர் பேராசிரியராகத் தொடர்ந்தார். 1982 டிசம்பரில் தமது 49 ஆவது வயதில் காலமானார். வளாகத்தின் பெரிய மண்டபம் கைலாசபதி கலையரங்கம் என அவர் பெயரால் வழங்குகின்றது.

தனிப் பல்கலைக்கழகம்

1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் ஒற்றைப் பல்கலைக்கழக முறையைக் கைவிட்டது. 1979 சனவரி 1 இல் யாழ்ப்பாணம் தனிப் பல்கலைக்கழகமாகியபோது பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். பேராதனையில் நாட்டுக்கூத்தை மேடைக்கு ஏற்ற வடிவில் மீட்டெடுத்தவர் என்று அறியப்பட்ட இவர், 1974 தமிழாராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்தியவரும் ஆவார். 1988 வரை பதவியிலிருந்தார்.

மருத்துவ பீடம் 1978 இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பீடாதிபதியான பேராசிரியர் ஏ. ஏ. ஹூவரின் பெயரை அப்பீடத்தின் அரங்கு தாங்கியுள்ளது. யாழ்ப்பாணப் பொது மருத்துவமனை இதன் போதனா மருத்துவமனை ஆயிற்று. சித்த மருத்துவ அலகு 1984 இல் உருவாகிக் கைதடியில் இயங்கியது.

இக்கால ஆய்வுப் பணிகளுள் குறிப்பிடத்தக்கது ஆனைக்கோட்டை அகழ்வாகும். 1980 இறுதியிலும் 1981 இலும் கா. இந்திரபாலா தலைமையிலான குழு அங்கு பெருங்கற்கால ஈமப் புதைகுழிகளைக் கண்டறிந்தது. ஒரு புதைகுழியிலிருந்து பிராமி எழுத்துக்களும் குறியீடுகளும் பொறித்த சிறு வெண்கல முத்திரை கிடைத்தது. இதன் வாசிப்புக் குறித்து அறிஞரிடையே இன்னமும் வேறுபட்ட கருத்துக்கள் உள்ளன. ஆயினும் குடாநாட்டின் மனிதக் குடியேற்றம் பிற்காலத்தது என்ற பழைய கருத்தை இவ்வகழ்வு மாற்றியது. குழுவில் பணியாற்றிய பொ. இரகுபதி, யாழ்ப்பாணத்தின் தொடக்ககாலக் குடியிருப்புக்கள் பற்றிய தமது ஆய்வை 1987 இல் நூலாக வெளியிட்டார்.

தமிழ் இலக்கிய ஆய்விலும் இப்பல்கலைக்கழகம் ஒரு பள்ளியாக வளர்ந்தது. கா. சிவத்தம்பி, சி. மௌனகுரு, சித்திரலேகா மௌனகுரு, எம். ஏ. நுஃமான் முதலியோர் இங்கு கற்பித்தனர். பின்னைய மூவரும் சேர்ந்து எழுதிய இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம் என்ற நூல் 1979 இல் வெளிவந்தது. நாடகத் துறையில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய மண் சுமந்த மேனியர் 1985 இல் பல்கலைக்கழகக் கலாசாரக் குழுவினரால் மேடையேற்றப்பட்டுக் கிராமங்களுக்கும் கொண்டு செல்லப்பட்டது. ஈழத்து அரங்க வரலாற்றை எழுதுவோர் எவரும் இந்நாடகத்தைக் கடந்து செல்வதில்லை.

போர்க் காலம்

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதன் பின்னர் குடாநாட்டில் ஆய்வாளருக்கு எஞ்சிய பெரிய நூலகம் பல்கலைக்கழக நூலகமே. 1983 சூலை வன்முறைக்குப் பின்னர் தென்னிலங்கையிலிருந்து மீண்டும் மாணவர் வந்து சேர்ந்தனர்.

1987 அக்டோபர் 11 இரவும் மறுநாள் அதிகாலையும் இந்திய அமைதி காக்கும் படை, விடுதலைப் புலிகளின் தலைமையைப் பிடிக்கும் நோக்குடன் பல்கலைக்கழக மைதானத்தில் உலங்குவானூர்தி மூலம் படையினரை இறக்கியது. திட்டம் முன்கூட்டியே தெரிந்திருந்தமையால் அவர்கள் சுற்றி வளைக்கப்பட்டனர். இறங்கிய சீக்கியக் காலாட்படையினர் முப்பதின்மருள் 29 பேர் கொல்லப்பட்டனர், ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார். தொடர்ந்து வந்த நாட்களில் பல்கலைக்கழகக் கட்டடங்கள் படையினர் வசமாயின. அம்மாதம் 21, 22 ஆம் நாட்களில் போதனா மருத்துவமனையினுள் நிகழ்ந்த படுகொலையில் நோயாளருடன் மருத்துவர்களும் தாதியரும் உயிரிழந்தனர்.

அடக்குமுறை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. 1986 நவம்பரில் விஜிதரன் என்ற மாணவர் கடத்தப்பட்டபோது, அவரை விடுவிக்கக் கோரி மாணவர்கள் இயக்கங்களுக்கு எதிராகவே ஊர்வலமும் உண்ணாவிரதமும் நடத்தினர். அவர் திரும்பவில்லை. அப்போராட்டத்தை முன்னின்று நடத்திய மாணவர் தலைவர் விமலேசுவரன் 1988 சூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1988 இல் பல்கலைக்கழக ஆசிரியர் சிலர் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பைத் தொடங்கினர். அரச படை, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய அனைத்துத் தரப்பினரதும் செயல்களைப் பதிவு செய்வதே அதன் நோக்கம். உறுப்பினரான ராஜினி திராணகம உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தார். 1989 செப்டம்பர் 21 ஆம் நாள், தேர்வுப் பணி முடிந்து பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பும்போது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. விடுதலைப் புலிகளே இதற்குப் பொறுப்பு என அவரது தோழர்கள் குற்றஞ்சாட்டினர். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், க. சிறீதரன் ஆகியோருடன் அவர் எழுதிய முறிந்த பனை 1990 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அமைப்பினர் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறித் தலைமறைவாகப் பணியைத் தொடர்ந்தனர். 2007 இல் ராஜன் ஹூலுக்கும் க. சிறீதரனுக்கும் மார்ட்டின் என்னல்சு மனித உரிமை விருது வழங்கப்பட்டது.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முசுலிம்களை வெளியேற்றினர். பல்கலைக்கழகச் சமூகமும் இதனால் தனது ஒரு பகுதியை இழந்தது. 1991 ஆகஸ்டில் நாடகமும் அரங்கியலும் பயின்றுவந்த கவிஞர் செல்வி விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். அவர் சிறையிலிருந்தபோதே 1992 இல் அனைத்துலக எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது வழங்கியது. அவர் மீளவேயில்லை.

துரைராசா காலமும் அன்றாட வாழ்வும்

1988 முதல் 1994 வரை துணைவேந்தராக இருந்தவர் பேராசிரியர் அ. துரைராசா. மண் பொறியியலில் உலகறிந்த அறிஞர் இவர். கேம்பிரிட்ச்சில் ரொஸ்கோ, ஸ்கோபீல்டு ஆகியோருடன் இணைந்து களிமண்ணின் நெகிழ்வு பற்றி 1963 இல் இவர் எழுதிய கட்டுரை, மண் விசையியல் மாணவர் இன்றும் கற்கும் அடிப்படைக் கட்டுரைகளுள் ஒன்று. இத்தகைய ஒருவர் பொருளாதாரத் தடைக்காலத்தில் மிதிவண்டியில் அலுவலகம் சென்றுவந்தார்.

1990 இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், மின்கலம், சவர்க்காரம் உட்படப் பல பொருள்கள் தடைப்பட்டன. மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடானதால் மாணவர்கள் பழைய ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சுத் திரியும் இட்டுச் செய்த விளக்கில் படித்தனர். ஆய்வுகூடங்களில் இரசாயனப் பொருள்களைச் சிறிது சிறிதாகப் பங்கிட வேண்டியிருந்தது. தெற்கே செல்லவேண்டியவர் இரவில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்தனர். அப்பயணத்தில் கடற்படையின் தாக்குதலுக்கு இலக்கானோர் பலர். இவ்வாறு கற்றவர்களின் பட்டங்கள் பிற பல்கலைக்கழகங்களில் குறைவாக மதிக்கப்படக்கூடாது என்பதற்காக வெளித் தேர்வாளரை வரவழைப்பதிலும் விடைத்தாள்களைக் கொண்டு செல்வதிலும் நிர்வாகம் பெரும் சிரமம் எடுத்தது.

மருத்துவ பீடத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் மக்களின் மனத்தில் ஏற்படுத்திய வடுக்களை நோயாளரிடையே இருந்தே ஆராய்ந்தார். அவ்வாய்வு 1998 இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. குண்டு வீச்சின் நடுவே எழுதப்பட்ட உளமருத்துவ நூல்கள் உலகில் அதிகம் இல்லை.

1995 அக்டோபர் 30 ஆம் நாள் வலிகாம மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் வெறுமையாயிற்று. மக்கள் திரும்பிய 1996 இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2001 சனவரி 17 ஆம் நாள் இராணுவக் கட்டுப்பாட்டிலிருந்த நகரில் மாணவர் நடத்திய பொங்கு தமிழ் நிகழ்வு பின்னர் பிற ஊர்களுக்கும் பரவியது. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின் வெளிமாவட்ட மாணவர் கப்பலையே நம்பியிருந்தனர்.

பீடங்கள்

கலைப் பீடத்தில் பெரும்பாலான பாடங்கள் தமிழிலும், விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் ஆகியன ஆங்கிலத்திலும் கற்பிக்கப்படுகின்றன. முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடமும் திருநெல்வேலியில் உள்ளது. விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரினால் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் கிளிநொச்சி அறிவியல் நகருக்கு மீண்டது. பொறியியல் பீடம் 1970களின் இறுதியிலேயே எண்ணப்பட்டது. ஆனால் 2009 இல் போர் முடிந்த பின்னரே அதுவும் தொழில்நுட்ப பீடமும் அறிவியல் நகரில் உருவாயின. இந்துக் கற்கைகளுக்கு 2019 இல் தனிப்பீடம் அமைக்கப்பட்டது. இராமநாதன் நுண்கலைக் கழகமும் சித்த மருத்துவ அலகும் பின்னர் பீடங்களாகத் தரம் உயர்ந்தன.

வவுனியாவில் 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 முதல் இப்பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த நிறுவனம், 2021 ஆகஸ்ட் 1 இல் வவுனியாப் பல்கலைக்கழகமாகப் பிரிந்தது. தாய் நிறுவனம் தோன்றிச் சரியாக 47 ஆண்டுகள் நிறைந்த நாள் அது.

போருக்குப் பின்னர்

2011 இல் உயிர்வேதியியல் பேராசிரியர் வசந்தி அரசரத்தினம் துணைவேந்தரானார். இப்பதவியை வகித்த முதற் பெண் இவர். 2012 நவம்பர் இறுதியில் மாவீரர் நாளையொட்டி விடுதியில் விளக்கேற்றியது தொடர்பாகப் படையினர் விடுதிக்குள் புகுந்தனர், மாணவர் தலைவர் உட்பட நால்வர் கைதாயினர். 2016 அக்டோபர் 20 இரவு குளப்பிட்டிச் சந்தியில் மாணவர் இருவர் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர்.

தென்னிலங்கை மாணவர் மீண்டும் கணிசமான தொகையில் வரத் தொடங்கியுள்ளமை பெரிய மாற்றமாகும். 2016 சூலையில் விஞ்ஞான பீடப் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டி நடனம் இடம்பெறலாமா என்பது பற்றி எழுந்த தகராறு கைகலப்பாக முடிந்தது, பல்கலைக்கழகம் சில நாட்கள் மூடப்பட்டது. பகிடிவதையும் பிற இலங்கைப் பல்கலைக்கழகங்களைப் போன்று இங்கும் தீராத சிக்கலாகவே உள்ளது.

2021 சனவரி 8 இரவு, வளாகத்தினுள் மாணவர் அமைத்திருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் இயந்திரம் கொண்டு இடித்து அகற்றப்பட்டது. மேலிடத்து அழுத்தம் காரணமாகவே இது நடந்ததாக நிர்வாகம் விளக்கம் தந்தது. மாணவர் நுழைவாயிலில் உண்ணாவிரதம் தொடங்கினர். வடக்கு கிழக்கில் கடையடைப்பு நடைபெற்றது. சனவரி 11 அதிகாலை துணைவேந்தர் பேராசிரியர் சி. சிறீசற்குணராசா மாணவர்களிடம் வந்து, உண்ணாவிரதத்தைக் கஞ்சி கொடுத்து முடித்து வைத்து, அதே இடத்தில் புதிய தூணுக்கு அடிக்கல் நாட்டினார். அது அதே ஆண்டு ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது.